நிலக்கரி அணையட்டும், அடுப்பு அணைய வேண்டாம்

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கிறது வீடு. கூடத்துச் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மங்கலான கோடு இன்னும் தெரிகிறது. 2021 டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன அடையாளம். இரண்டு முறை சாயம் அடித்தும் போகவில்லையாம். மூன்றாம் முறை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அக்கா. "இருக்கட்டும் தம்பி, பேரப் பிள்ளைங்களுக்குக் காட்டலாம்" என்றார்.

அக்காவின் மகனுக்கு வயது 34. வெல்டர். நிலக்கரியில் ஓடும் மின் நிலையங்களைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது, கொதிகலனுக்குள் இறங்கிக் குழாய்களைப் பழுதுபார்க்கும் குழுவில் வேலை செய்கிறார். ஷட்டவுன் வேலை என்பார்கள். ஓர் இடத்தில் ஆறு வாரம், இன்னோர் இடத்தில் இரண்டு மாதம். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் என்று எந்த நிலையம் நிற்கிறதோ அங்கே பையைத் தூக்கிக்கொண்டு போவார். ஒன்பது ஆண்டுகளில் ஐந்து குத்தகையாளர்களிடம் வேலை பார்த்திருக்கிறார். இந்த வருமானத்தில்தான் வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் மருந்து எல்லாம்.

சாப்பிட்டு முடித்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார்:

"மாமா, நிலக்கரியை மூடப் போறாங்களாமே, உண்மையா?"

உண்மைதான் என்றேன்.

"நல்லதுதான். நம்ம வீடே தண்ணியில போச்சு. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா மூடுற அன்னைக்கு நான் எங்க மாமா போறது?"

அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. இந்த வாரப் பத்தி, அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் தாமதமாக நான் தேடிய பதில்.

ஒரே வீட்டில் இரண்டு கவலை

பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். பூமியைக் காப்பாற்று என்று ஒரு பக்கம். முதலில் வயிற்றைப் பார் என்று இன்னொரு பக்கம். அக்கா வீட்டில் அந்த இரண்டு கட்சிக்கும் ஒரே முகவரி. நிலக்கரியால் சோறு சாப்பிடும் வீடுதான் வெள்ளத்திலும் மூழ்கியது.

நம் நாட்டு மின்சாரத்தில் 40 விழுக்காட்டுக்கும் மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறது. எரிபொருள்களிலேயே அதிகக் கரியமிலவாயுவை விடுவதும் அதுதான். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலான ஈரத்தைத் தாங்கும். தாங்கிய ஈரம் ஒரு நாள் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரு குறிப்பிட்ட மழைக்கு இதுதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது; கால்வாய் அடைப்பும் தாழ்வான நிலமும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் பெருமழை இன்னும் பெரிதாகிறது என்பதில் அறிவியலுக்குச் சந்தேகம் இல்லை. 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் வந்த வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அக்காவின் குளிர்சாதனப் பெட்டியும் பேத்தியின் பள்ளிப் புத்தகங்களும் அதில் எங்கோ ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும்.

ஆகவே, மாற வேண்டுமா என்ற கேள்வி முடிந்துபோனது. புதிய நிலக்கரி நிலையங்களைக் கட்டப்போவதில்லை என்று அரசாங்கம் முடிவெடுத்துவிட்டது. இருக்கும் நிலையங்களை 2035-க்குள் பாதியாகக் குறைத்து, 2044-க்குள் முழுவதும் மூடுவது இலக்கு என்று 2024-இல் அறிவித்தது. ஒப்பந்தக் காலம் முடிய முடிய, நிலையங்கள் ஒவ்வொன்றாக நிற்கும்.

அக்கா மகனுக்கு 2044-இல் 50 வயதுக்கு மேல் ஆகியிருக்கும். ஓய்வு பெறும் வயதும் இல்லை. புதிதாக ஒரு தொழிலைத் தொடங்கும் வயதும் இல்லை.

மூன்று லட்சம் வேலை யாருக்கு?

2023-இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம் நம்பிக்கையூட்டும் ஆவணம். 2050-இல் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்கும் என்கிறது. அதே ஆண்டில் 310,000 வேலைகள் உருவாகியிருக்கும் என்றும் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடக்கவும் கூடும். கூலிமில் 2008-ஆம் ஆண்டிலிருந்தே சூரியத்தகடு உற்பத்தி நடக்கிறது. கூரைகளில் தகடு பொருத்தும் சிறு நிறுவனங்கள் பெருகிவிட்டன. நம் பிள்ளைகள் சிலரும் அந்த வேலையில் இருக்கிறார்கள்.

ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது, ஊர்ச் சராசரி மழையளவைப் பார்த்துவிட்டுக் குடை எடுக்காமல் போவதுபோல. அழியும் வேலையும் பிறக்கும் வேலையும் ஒரே ஊரில் இருப்பதில்லை. ஒரே நாளில் வருவதில்லை. ஒரே ஆளுக்குக் கிடைப்பதும் இல்லை. நிலக்கரி நிலையம் ஒன்று பல பத்தாண்டுகள் ஓடும். ஆண்டுதோறும் பராமரிப்பு இருக்கும். சூரிய மின் பண்ணை கட்டும்போது நிறைய ஆள் வேண்டும். கட்டி முடித்துவிட்டால் தகடு கழுவவும் புல் வெட்டவும் மின்கருவிகளைக் கண்காணிக்கவும் சிலர் போதும். கொதிகலனுக்குள் வெல்டிங் செய்தவரிடம் போய், சூரியசக்தித் துறையில் வேலை கொட்டிக் கிடக்கிறது என்று சொன்னால், எங்கே, எவ்வளவு சம்பளம், எத்தனை மாதத்துக்கு என்று அவர் திருப்பிக் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதானே?

இதை நாம் ஒருமுறை பார்த்திருக்கிறோம்

இப்படி ஒரு மாற்றம் எப்படி நடக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள நமக்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. தோட்டப்புறத்தில் பிறந்த எவரையும் கேட்டால் போதும்.

ரப்பர் விலை சரிந்து தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது, அதே நிலத்துக்குக் குறைந்த ஆள் போதும் என்றானது. பிறகு நிலத்துக்கே விலை ஏறியது. தோட்டங்கள் நகரங்களாயின. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது. சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. பிராங் புசார் தோட்டமும் அதன் அண்டைத் தோட்டங்களும் புத்ராஜெயா ஆயின. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. இன்று அந்த நகரங்களில் நாமும்தான் வேலை செய்கிறோம், கடைக்குப் போகிறோம், வீடு வாங்குகிறோம். வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். எங்கள் தோட்டம் விற்கப்பட்ட செய்தி நிர்வாகத்திடமிருந்து எங்களுக்கு வரவில்லை. அளவெடுக்க வந்தவர்கள் நட்டுவிட்டுப் போன, சிவப்புத் துணி கட்டிய குச்சிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்பது அன்றைய ஏற்பாடு. வேலை, வீடு, கோயில், பள்ளி, பிள்ளை காப்பகம் எல்லாமே ஒரே முதலாளியின் நிலத்தில் இருந்தன. குச்சி நட்ட அன்றைக்கு அத்தனையும் சேர்ந்து ஆட்டம் கண்டன. அப்பாவுக்கு அப்போது 47 வயது. இருபத்தைந்து ஆண்டு அனுபவம் இருந்தது. அதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பட்டணத்தில் ஜாகா வேலைக்குப் போனார். அம்மா தொழிற்சாலையில் துப்புரவு வேலைக்குப் போனார். அக்கா படிப்பை நிறுத்தினார். நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் அந்த மாற்றத்தின் விலையைக் கொடுத்தது அக்காதான் என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

தோட்டம் என்றென்றைக்கும் இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இருட்டில் எழுந்து, பெரட்டுக்கு ஓடி, நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்த வாழ்க்கைக்கு என் பிள்ளையை அனுப்ப எனக்கும் மனம் வராது. மாறியது தவறில்லை. மாறப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லாததும், மாறிய பிறகு என்ன செய்வார்கள் என்று யோசிக்காததும், அவர்களையே கேட்காமல் விட்டதும்தான் தவறு. அதன் வட்டியை நம் சமூகம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.

வலையில் உள்ள ஓட்டை

அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். 2018 முதல் நம்மிடம் வேலை காப்புறுதித் திட்டம் உண்டு. சொக்சோ நடத்துகிறது. தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு செலுத்துகிறார்கள். வேலை இழந்தால் 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி இருந்தால் முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். பிறகு படிப்படியாகக் குறைந்து ஆறு மாதம் வரை உதவித்தொகை வரும். பயிற்சிக் கட்டணத்துக்கும் உதவி உண்டு. ஆட்குறைப்பு செய்யப்பட்டால், ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற 1980-ஆம் ஆண்டு விதிமுறையும் இருக்கிறது. அப்பாவின் காலத்தில் இந்தக் காப்புறுதி இருந்திருந்தால் அக்கா பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்.

ஆனால் அக்கா மகனின் சம்பளச் சீட்டுகளை மேசையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தம் முடிவடைவதையோ, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட பணி நிறைவடைவதையோ இந்தத் திட்டம் வேலை இழப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. அவருக்கு இருப்பவை எல்லாம் அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள். நாளை ஒரு நிலையம் நிரந்தரமாக மூடப்பட்டால், அங்கே நிரந்தர ஊழியராக இருக்கும் பொறியாளருக்கு வேறு பிரிவுக்கு மாற்றமோ இழப்பீடோ கிடைக்க வழி இருக்கிறது. இவருக்கோ, தொலைபேசி அழைப்பு வராது. அவ்வளவுதான். காகிதத்தில் அவர் வேலையை இழக்கவே மாட்டார். அடுத்த ஒப்பந்தம் வராமல் போகும்.

இதைத்தான் நான் ஓட்டை என்கிறேன். வலை இருக்கிறது. அதில் உள்ள ஓட்டை சரியாக நம் பிள்ளைகள் பலரின் அளவுக்கு இருக்கிறது. குத்தகைத் தொழிலாளர்கள், லோரி ஓட்டுநர்கள், சாரம் கட்டுபவர்கள், துப்புரவு செய்பவர்கள், காவலர்கள். ஒரு பெரிய நிலையத்தின் வாசலில் வங்குரோ கடையில் நாசி லெமாக் விற்கும் அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் ஊழியர் பட்டியலில் இவர்கள் யாரும் இல்லை.

ஒரே நாடு, இரண்டு விதம்

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். 1980-களில் அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் தொழிலாளர்களின் எதிர்ப்பை மீறி மூடப்பட்டன. 1984-85-இல் ஓராண்டு வேலைநிறுத்தம் நடந்து தோற்றது. சுரங்கத்தை நம்பியிருந்த பல ஊர்கள் அதன் பிறகு எழுந்திருக்க வெகுகாலம் ஆனது. சில இன்னும் எழவில்லை.

அதே பிரிட்டன், நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தப்போவதாக 2015-இலேயே அறிவித்தது. கடைசி நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களுக்குத் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தொழிற்சங்கங்களோடு பேசி, வேறு வேலைக்கான பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். யாரும் கொண்டாடவில்லை, ஆனால் யாரும் திகைத்து நிற்கவும் இல்லை. ஸ்பெயினிலும் 2018-இல் சுரங்கங்களை மூடுவதற்கு முன் அரசாங்கம் தொழிற்சங்கங்களோடு உடன்பாடு செய்தது. 48 வயதைக் கடந்தவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெற வழி செய்து, சுரங்க வட்டாரங்களுக்கு 25 கோடி யூரோ ஒதுக்கியது.

இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் பணம் மட்டுமல்ல. தேதி, பேச்சுவார்த்தை, பயிற்சி. வேலை போன பிறகு கொடுக்கும் பயிற்சி ஆறுதல் பரிசு மாதிரி. வேலை இருக்கும்போதே, சம்பளத்தோடு கொடுக்கும் பயிற்சிதான் பாலம். 2015-ஆம் ஆண்டு பாரிஸ் உடன்பாட்டின் முகவுரையிலேயே, தொழிலாளர்களுக்கு நியாயமான மாற்றம் வேண்டும் என்ற சொற்கள் இருக்கின்றன. நம் நாடும் அதில் கையெழுத்திட்டிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலில் அக்கா மகனுக்குச் சொன்னது. எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் எடுக்க வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வேண்டியதில்லை. திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே.யில், முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். ஒன்பது ஆண்டு வேலை அவர் கையில் இருக்கிறது, காகிதத்தில்தான் இல்லை. என் அப்பாவிடம் இல்லாத அந்தக் காகிதம் இவரிடம் இருக்கட்டும். வெல்டிங் திறமை நிலக்கரியோடு சாகாது. எரிவாயு நிலையம், கப்பல் பட்டறை, குழாய்ப் பாதை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். மின் வேலை தெரிந்தவர்கள் சார்ஜ்மேன் சான்றிதழ் எடுத்தால், இன்றைக்கு நிலக்கரி நிலையத்திலும் நாளைக்குச் சூரிய மின் பண்ணையிலும் அதே சான்றிதழ் செல்லும்.

வீட்டில் யாராவது ஒப்பந்த வேலையில் இருந்தால், இந்த வாரமே சொக்சோ கணக்கைச் சரிபாருங்கள். எந்த மாதம் சந்தா விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். சம்பளச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். பள்ளி முடித்த பிள்ளைக்கு எதைப் படிக்க வைக்கலாம் என்று யோசிக்கும் பெற்றோர், திவெட் என்றால் படிப்பு வராதவர்களுக்கு என்ற பழைய எண்ணத்தை விடுங்கள். இனி மின்கம்பி தெரிந்த கைக்குத்தான் கிராக்கி.

இளம் பட்டதாரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதிகமாக எரிசக்தி பயன்படுத்தும் ஆலைகளும் கட்டடங்களும் பதிவுபெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். தணிக்கையும் செய்ய வேண்டும். ஒரு சட்டம் நேரடியாக வேலையை உருவாக்குவதற்கு நல்ல உதாரணம் இது. பொறியியல் படித்தவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

உங்களில் சிலர் ஏற்கனவே பெரிய நிறுவனங்களில் நிலைத்தன்மை அறிக்கை எழுதும் மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் ஆண்டுதோறும் அதை வெளியிட வேண்டும். எத்தனை டன் கரியமிலவாயு குறைந்தது என்று ஒரு வரிசை இருக்கும். அதற்குக் கீழே, இந்த மாற்றத்தால் பாதிக்கப்படும் குத்தகைத் தொழிலாளர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று இன்னொரு வரிசையைச் சேர்க்கச் சொல்லிக் கூட்டத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். மூன்று பேர் கேட்டால் குறித்துக்கொள்வார்கள். அன்றைக்குக் குச்சி நட்டவர்களின் அலுவலகத்தில் நம் ஆள் யாரும் இல்லை. இன்றைக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் அதிகமில்லை. ஒவ்வொரு நிலையமும் மூடப்படும் தேதியை ஐந்தாண்டுக்கு முன்பே, குத்தகைத் தொழிலாளர்கள் உட்பட எல்லாருக்கும் அறிவியுங்கள். அந்த ஐந்தாண்டில் சம்பளத்தோடு பயிற்சி கொடுங்கள். மூடப்படும் நிலையத்தில் தொடர்ந்து வேலை செய்தவரின் ஒப்பந்தம் முடிவதை வேலை இழப்பாகக் காப்புறுதிச் சட்டத்தில் சேருங்கள். தொகுதிச் சேவை மையத்துக்கு எத்தனையோ விஷயங்களுக்குப் போகிறோம். இதையும் ஒரு கடிதமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

இதையெல்லாம் தொலைபேசியில் அக்கா மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மஞ்சோங்கில் ஒரு கொதிகலன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"சரி மாமா, அந்த எஸ்.கே.எம். பாரம் என்ன ஏதுன்னு பார்க்கிறேன். மத்தது உங்க வேலை. எழுதுங்க. எனக்குச் சலுகை எதுவும் வேணாம். என்னைக்கு மூடுறாங்கன்னு தேதி மட்டும் முன்னாடியே சொல்லச் சொல்லுங்க. மீதியை நான் பார்த்துக்குவேன்."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. மழை வரும்போல இருக்கிறது, போகுமுன் வாசல் சாக்கடையைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போடா என்றார்.